ஆர்சி டாங்கி மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

கிட்டிலிருந்து (பாகங்களாக வரும் பெட்டியிலிருந்து) கட்டிய ஆர்சி, அதாவது ரேடியோ கன்ட்ரோல், மாடல் டாங்கி சரியாக ஓடாவிட்டால் பெரும்பாலானவர்களின் சந்தேகம் முதலில் கன்ட்ரோல் போர்டு மேல்தான் விழுகிறது. ‘போர்டு போய்விட்டது’ என்று முடிவு கட்டி, புதிதாக ஒன்று வாங்கி மாட்டி, அதே பழுது அப்படியே இருப்பதைப் பார்த்து நொந்துபோகிறவர்கள் ஏராளம். 1/16 அளவு (நிஜத்தில் பதினாறில் ஒரு பங்கு) டாங்கிகளைத் திரும்பத் திரும்பப் பிரித்துச் சேர்த்ததில் எனக்குத் தெரிந்தது இதுதான்: பெரும்பாலான பழுது ஒரு தளர்ந்த ஸ்க்ரூ, சரியாக உட்காராத கனெக்டர், பெயின்ட் அடைத்த அச்சு இவற்றில்தான் இருக்கிறது. போர்டைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள்.

அதோடு டாங்கியில் ஒரு பெரிய வசதி உண்டு. மோட்டார் இரண்டு, கியர் பாக்ஸ் இரண்டு, டிராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை) இரண்டு. ஒரு பக்கம் கெட்டால், ஒழுங்காக வேலை செய்யும் மறுபக்கம் ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே இருக்கிறது. இடத்தையும் வலத்தையும் மாற்றி மாட்டிப் பார்ப்பது காசு செலவில்லாத சோதனை. கீழே பல இடங்களில் அதைத்தான் சொல்லப்போகிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஹல்லுக்கு (டாங்கியின் உடலுக்கு) அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, இரண்டு டிராக்கும் தரையில் படாமல் அந்தரத்தில் சுற்றும்படி நிறுத்துங்கள். தரையில் வைத்துச் சோதித்தால் பழுது மோட்டாரிலா, டிராக்கிலா, தரையிலா என்று பிரிக்க முடியாது. மல்டிமீட்டர் ஒன்று, சின்ன ஸ்க்ரூ டிரைவர்கள், கிரப் ஸ்க்ரூவுக்கான (தலையில்லாத சின்ன ஸ்க்ரூவுக்கான) ஆலன் கீ, நல்ல வெளிச்சம். இவ்வளவு போதும்.

## ஸ்விட்ச் போட்டும் எந்த அசைவும் இல்லை

முதலில் வரிசையைப் பாருங்கள்: டிரான்ஸ்மிட்டரை (கையில் பிடிக்கும் ரிமோட்டை) முதலில் ஆன் செய்ய வேண்டும், டாங்கியை அப்புறம். அணைக்கும்போது டாங்கி முதலில், டிரான்ஸ்மிட்டர் கடைசியில். பல போர்டுகள் ஆன் ஆகும் நொடியில் ஸ்டிக்கின் நடு நிலையைப் பதிந்துகொள்ளும். அந்த நேரத்தில் சிக்னல் இல்லாவிட்டாலோ, ஸ்டிக் நடுவில் இல்லாவிட்டாலோ சும்மா இருந்துவிடும்.

விளக்கு, சத்தம் எதுவுமே இல்லை என்றால் பேட்டரியை அளந்து பாருங்கள். 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி நன்றாக சார்ஜ் ஆகியிருந்தால் 8 வோல்ட்டை ஒட்டியோ அதற்கு மேலோ காட்டும். 7-க்குக் கீழே என்றால் சார்ஜ் போடுங்கள். பேட்டரி சரியாக இருந்தால் அதே அளவு ஸ்விட்சுக்கு அந்தப் பக்கமும் வருகிறதா என்று பாருங்கள். கனெக்டரின் பிளாஸ்டிக் உறைக்குள் உலோகப் பின் பின்னுக்குத் தள்ளப்பட்டிருப்பது அடிக்கடி நடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் மாட்டிய மாதிரியே இருக்கும், உள்ளே தொட்டுக்கொண்டிருக்காது. கிட்டில் பியூஸ் இருந்தால் அதையும் பாருங்கள். புதிய பியூஸும் உடனே போனால் மேற்கொண்டு பியூஸ் மாற்றாதீர்கள். எங்கோ ஷார்ட் இருக்கிறது.

விளக்கு எரிகிறது, ஆனால் அசையவில்லை என்றால் ரிசீவரின் எல்இடியைக் கவனியுங்கள். விட்டு விட்டு எரிந்தால் பெரும்பாலும் பைண்ட் ஆகவில்லை, அதாவது டிரான்ஸ்மிட்டரோடு இணையவில்லை, என்று பொருள். கிட்டோடு வந்த முறைப்படி மறுபடி பைண்ட் செய்யுங்கள். பைண்ட் ஆகியும் அசையாவிட்டால் ரிசீவரிலிருந்து போர்டுக்குப் போகும் வயர்கள் சரியான சேனலில், சரியான பக்கமாக மாட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். கட்டி முடித்த அன்றே வரும் பழுது என்றால் காரணம் அநேகமாக இதுதான்.

## ஒரு டிராக் மட்டும் ஓடுகிறது, மற்றது செத்துக் கிடக்கிறது

மாற்றிப் பார்க்கும் சோதனை இங்கேதான் அருமையாக வேலை செய்யும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, போர்டில் இடது மோட்டார் பிளக்கை வலது பக்கத்திலும் வலது பிளக்கை இடது பக்கத்திலும் மாட்டுங்கள். பிறகு ஓட்டிப் பாருங்கள். ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் டாங்கி இடப்பக்கம் திரும்பும், பரவாயில்லை, சோதனைக்குத்தானே.

முன்பு செத்திருந்த அதே டிராக் இப்போதும் செத்திருந்தால் போர்டு நல்ல நிலையில் இருக்கிறது. பழுது அந்தப் பக்க வயரிலோ, மோட்டாரிலோ, கியர் பாக்ஸிலோ இருக்கிறது. காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேளுங்கள். மோட்டார் வேகமாகச் சுற்றும் சத்தம் வருகிறது, ஆனால் ஸ்ப்ராக்கெட் (டிராக்கை இழுக்கும் பல் சக்கரம்) நிற்கிறது என்றால் பினியன் (மோட்டார் தண்டில் மாட்டிய சின்ன கியர்) தண்டில் வழுக்குகிறது. பல மோட்டார்களில் தண்டின் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கும். கிரப் ஸ்க்ரூ அந்தத் தட்டைப் பகுதியில் நேராக உட்கார வேண்டும். வழுக்கிய பினியனைக் கழற்றிப் பார்த்தால், தண்டின் வளைந்த பகுதியைச் சுற்றி மெல்லிய வெள்ளிக் கோடு ஒன்று வட்டமாகக் கீறியிருக்கும். ஸ்க்ரூ தட்டையில் உட்காராமல் சுற்றி வந்ததற்கு அதுவே சாட்சி. தண்டையும் ஸ்க்ரூவையும் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, நீல நிற திரட்லாக் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் திரவம்) ஒரு சின்னத் துளி விட்டு, தட்டைப் பகுதியில் இறுக்குங்கள். திரட்லாக் பிளாஸ்டிக்கில் பட்டால் பிளாஸ்டிக் விரிசல் விடலாம். அதனால் குச்சி முனையால் தொட்டு வைப்பதே நல்லது.

மோட்டாரே சுற்றவில்லை என்றால் டெர்மினலில் சால்டரிங் செய்த வயரை லேசாக இழுத்துப் பாருங்கள். உள்ளே இழைகள் அறுந்து, வெளி உறை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கலாம். அதுவும் சரியென்றால் மோட்டாரின் பிளக்கைக் கழற்றி, இரண்டு முனைகளுக்கும் நடுவே ஓம் அளந்தபடியே தண்டைக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். நல்ல மோட்டார் சில ஓம்களுக்குள் காட்டும். சில இடங்களில் மட்டும் இணைப்பே இல்லை என்று காட்டினால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது அல்லது கம்யூட்டேட்டர் (பிரஷ் உரசும் செப்பு வளையம்) அழுக்காகியிருக்கிறது. மோட்டார் மாற்ற வேண்டியிருந்தால் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழசு என்றால் அடுத்து ‘ஒரு பக்கம் இழுக்கிறது’ என்று வந்து நிற்பீர்கள்.

மாற்றியதும் செத்த பக்கம் இடம் மாறினால், அதாவது முன்பு ஓடிய டிராக் இப்போது நின்று, நின்றது ஓடினால், போர்டின் அந்த வெளியீடு போயிருக்கிறது. இப்போது போர்டைக் குறை சொல்லலாம். வீட்டில் சரிசெய்யும் வேலை அல்ல இது. எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள் அல்லது போர்டை மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் அந்தப் பக்க கியர் பாக்ஸ் இறுகிப் போயிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இறுகிய கியர் பாக்ஸ்தான் பழைய போர்டைத் தின்றது என்றால் புதியதையும் தின்றுவிடும்.

## முன்னே தள்ளினால் நின்ற இடத்திலேயே சுழல்கிறது

எளிதான பழுது இது. ஒரு மோட்டாரின் இரண்டு வயர்கள் தலைகீழாக மாட்டியிருக்கின்றன. இரண்டு கியர் பாக்ஸும் கண்ணாடிப் பிம்பம் போல எதிரெதிராக இருப்பதால் இந்தக் குழப்பம் சகஜம். அந்தரத்தில் ஓட்டி, பின்னோக்கிச் சுற்றும் பக்கம் எது என்று பார்த்து, அந்த ஒரு மோட்டாரின் வயர்களை மட்டும் இடம் மாற்றுங்கள்.

முன்னும் பின்னும் மட்டும் தலைகீழ் என்றாலோ, இடமும் வலமும் மட்டும் தலைகீழ் என்றாலோ எதையும் பிரிக்க வேண்டாம். டிரான்ஸ்மிட்டரில் அந்தச் சேனலின் ரிவர்ஸ் ஸ்விட்சைத் தட்டினால் போதும்.

## நேராக ஓடாமல் ஒரு பக்கம் இழுக்கிறது

மக்களை அதிகம் படுத்துவது இந்தப் பழுதுதான். டிரான்ஸ்மிட்டரில் நடு நிலையைத் திருத்தும் டிரிம்மைத் திருகித் திருகிச் சமாளிக்கிறார்கள். முன்னால் போகும்போது நேராகிவிடும், பின்னால் வரும்போது இன்னும் மோசமாகும். அதனால் டிரிம்மைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை. சமமான, வழவழப்பான தரையில் டாங்கியை முன்னே ஓட்டி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பாருங்கள். பிறகு பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். இடம், வலம் என்பதை எப்போதும் டாங்கி ஓட்டுநரின் இருக்கையிலிருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னே போனாலும் பின்னே வந்தாலும் அதே பக்கம் இழுத்தால் அந்தப் பக்க டிராக் இறுக்கமாக ஓடுகிறது. காரணம் இயந்திரத்தில்தான்; எலக்ட்ரானிக்ஸில் தேடாதீர்கள்.

முதலில் டிராக்கைக் கழற்றி, ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் சுண்டிவிடுங்கள். நன்றாக இருக்கும் சக்கரம் சில சுற்றுகள் சுற்றி மெதுவாக நிற்கும். சுண்டியவுடன் நின்றுவிடும் சக்கரம்தான் குற்றவாளி. அச்சு ஸ்க்ரூவை அதிகமாக இறுக்கியிருப்பார்கள், கால் சுற்று தளர்த்தினால் சரியாகிவிடும். அல்லது சக்கரத்தின் துளைக்குள் பெயின்ட் போயிருக்கும். மாடல் கட்டுகிறவர்கள் நிறத்தில் காட்டும் அக்கறை அபாரமானது, ஆனால் ஸ்ப்ரே அடிக்கும்போது துளையை மூட மறந்துவிடுகிறார்கள். காய்ந்த பெயின்டை வட்ட அரத்தாலோ சரியான அளவு டிரில் பிட்டைக் கையால் சுழற்றியோ எடுத்துவிட்டு, அச்சில் லேசாக கிரீஸ் தடவுங்கள். பிளாஸ்டிக் ஒட்டும் சிமென்ட் கசிந்து சஸ்பென்ஷன் கையை ஒட்டிவிட்டிருப்பதும் உண்டு.

சக்கரமெல்லாம் சரி என்றால் இரண்டு டிராக்கின் கண்ணிகளையும் எண்ணுங்கள். ஒரு பக்கம் ஒரு கண்ணி குறைந்திருந்தாலும் அந்தப் பக்கம் விறைத்துக்கொள்ளும். இழுவிசை இரண்டு பக்கமும் ஒன்றா என்று மேல் பகுதியை விரலால் தூக்கிப் பாருங்கள். கடைசியாக மோட்டாரைக் கழற்றிவிட்டு ஸ்ப்ராக்கெட்டைக் கையால் சுற்றி, இரு கியர் பாக்ஸையும் ஒப்பிடுங்கள்.

முன்னே போகும்போது ஒரு பக்கம், பின்னே வரும்போது எதிர்ப்பக்கம் இழுத்தால் பெரும்பாலும் அது டிரிம். ஸ்டிக்கை விட்டதும் டிராக் ஊர்ந்துகொண்டே இருக்கிறதா என்று அந்தரத்தில் வைத்துப் பாருங்கள். ஊர்ந்தால் சந்தேகமே இல்லை. இரண்டு டிராக்கும் முழுதாக நிற்கும் வரை டிரிம்மைச் சரிசெய்யுங்கள். டிரிம் சரியாக இருந்தும் இப்படியே இழுத்தால் மோட்டார் ஜோடியை மாற்றிப் பார்க்க வேண்டும். சில மோட்டார்கள் ஒரு திசையில் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். டாங்கியில் இரண்டும் எதிரெதிராகச் சுற்றுவதால் அந்த வித்தியாசம் இழுவையாகத் தெரியும்.

தரையில் லேசாக இழுப்பதைப் பெரிதுபடுத்த வேண்டாம். நிஜ டாங்கியையும் ஓட்டுநர் திருத்திக்கொண்டேதான் ஓட்டுகிறார்.

## திரும்பும்போது டிராக் கழன்றுவிடுகிறது

முதல் சந்தேகம் தொய்வு. ஐட்லரை (ஸ்ப்ராக்கெட்டுக்கு எதிர் முனையில் உள்ள சக்கரத்தை) நகர்த்தி இறுக்கும் வசதி பல 1/16 கிட்டுகளில் உண்டு. மேலே விரலால் தூக்கினால் கொஞ்சம் எழும்ப வேண்டும், தொளதொளவென்று ஆடக் கூடாது. ஒரேயடியாக இறுக்கினால் மோட்டார் சூடாகும், கியர் தேயும். டைகர், பாந்தர் மாதிரியான டாங்கிகளில் மேல் பகுதி சக்கரங்களின் மேல் லேசாகத் தொங்குவதே அழகு. ஷெர்மனில் மேலே தாங்கும் உருளைகள் இருப்பதால் டிராக் கொஞ்சம் விறைப்பாக இருக்கலாம். உலோக டிராக்கில் பின்களும் துளைகளும் தேயத் தேய நீளம் கூடும். ஐட்லர் எல்லை தொட்டுவிட்டால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கண்ணியை எடுத்துவிடுங்கள்.

இறுக்கம் சரியாக இருந்தும் கழன்றால் டாங்கியைத் தலைகீழாக வைத்து, ஸ்ப்ராக்கெட்டிலிருந்து ஐட்லர் வரை ஒரு நேரான அளவுகோலை வைத்துப் பாருங்கள். ஸ்ப்ராக்கெட், சாலைச் சக்கரங்கள், ஐட்லர் மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். ஐட்லர் கை உள்பக்கம் சாய்ந்திருந்தால் டிராக் அந்தப் பக்கம் ஏறி ஏறி ஒருநாள் கழன்றே தீரும். கையின் ஸ்க்ரூவைப் பாருங்கள். அது பிடித்திருக்கும் பிளாஸ்டிக் துளை பெரிதாகியிருந்தால் ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது; உள்ளே வாஷரோ உலோகத் தகடோ வைத்துப் பலப்படுத்த வேண்டும். சாலைச் சக்கரம் ஒன்று மட்டும் மேலே தூக்கி நின்றால் அந்த சஸ்பென்ஷன் கையின் ஸ்பிரிங்கையோ, முறுகி ஸ்பிரிங் போல வேலை செய்யும் டார்ஷன் பாரையோ பாருங்கள். இடது பக்கத்துக்கு உள்ளதை வலது பக்கத்தில் போட்டிருக்க வாய்ப்பு உண்டு.

ஓட்டும் விதமும் ஒரு காரணம். டைகர், பாந்தர், ஷெர்மன் இவற்றில் ஸ்ப்ராக்கெட் முன்னால் இருக்கிறது. பின்னோக்கி வரும்போது மேல் டிராக்கில் தொய்வு சேரும். அந்த நேரத்தில் வெடுக்கென்று திருப்பினால் கழன்றுவிடும். டி-34, லெப்பர்ட் போன்றவற்றில் ஸ்ப்ராக்கெட் பின்னால் இருப்பதால் இதே தொய்வு முன்னோக்கிப் போகும்போது சேரும். கம்பளத்தில் நின்ற இடத்தில் சுழற்றுவது எந்த டாங்கிக்கும் கேடுதான்.

## ‘டக் டக்’ என்றோ ‘கரகர’ என்றோ சத்தம்

இரண்டு டிராக்கையும் கழற்றிவிட்டு ஓட்டுங்கள்.

சத்தம் நின்றுவிட்டால் டிராக் ஸ்ப்ராக்கெட் பல்லைத் தாண்டுகிறது. தொய்வையும், பல் தேய்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். உலோக டிராக்கைப் பிளாஸ்டிக் ஸ்ப்ராக்கெட்டில் மாட்டியிருந்தால் பல் சீக்கிரம் போய்விடும். டிராக்கை மாற்றும்போதே ஸ்ப்ராக்கெட்டையும் உலோகமாக மாற்றிவிட வேண்டும்.

சத்தம் தொடர்ந்தால் கியர் பாக்ஸ். பினியனுக்கும் அடுத்த பெரிய கியருக்கும் நடுவே உள்ள இடைவெளி சரியில்லை. மோட்டாரின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, சாதாரணக் காகிதத்தை மெல்லிய பட்டையாக வெட்டி, இரண்டு கியருக்கும் நடுவே சுற்றி உள்ளே விடுங்கள். மோட்டாரைக் கியரோடு சேர்த்துத் தள்ளி ஸ்க்ரூவை இறுக்கி, காகிதத்தைச் சுற்றி வெளியே எடுங்கள். காகிதத்தில் பல் மடிப்புகள் தெளிவாக விழுந்திருக்க வேண்டும், ஆனால் கிழிந்திருக்கக் கூடாது. கிழிந்தால் இடைவெளி போதாது. மடிப்பு மங்கலாக இருந்தால் இடைவெளி அதிகம்.

காகிதச் சோதனை சரியாக வந்தும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ‘டக்’ என்றால் ஒரு பல் உடைந்திருக்கிறது அல்லது நடுவே மணல் துகள் மாட்டியிருக்கிறது. பழைய கிரீஸைத் துடைத்து எடுத்து வெள்ளைத் துணியில் தடவிப் பாருங்கள். பளபளவென்று உலோகத் துகள் தெரிந்தால் கியர் தேய்ந்துகொண்டிருக்கிறது. கியர் பாக்ஸை மாற்றும் காலம் வந்துவிட்டது.

## கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றுவிடுகிறது

நின்ற உடனே மோட்டார்களும் போர்டின் ஹீட் சிங்கும் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடும்) சூடாக இருக்கின்றனவா என்று பாருங்கள். முதலில் விரலைக் கொஞ்சம் தள்ளி வைத்துச் சூட்டை உணருங்கள், நேரே அழுத்தாதீர்கள்.

சூடு இல்லை, ஆனால் திரும்பும்போது மட்டும் நிற்கிறது என்றால் பேட்டரி தளர்ந்துவிட்டது. இதற்கு ஒரு தெளிவான அடையாளம் உண்டு: டாங்கி திரும்பும் நடுவில், போர்டு எழுப்பும் இன்ஜின் சத்தம் அறுபட்டு, உடனே இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் சத்தம் முதலிலிருந்து ஒலிக்கும். திருப்பும்போது மோட்டார்கள் மிக அதிகமாகக் கரன்ட் இழுக்கின்றன. வோல்ட்டேஜ் சரிந்து போர்டு அணைந்து மறுபடி எழுகிறது. சும்மா அளந்தால் 8 வோல்ட் காட்டும் கிழட்டு பேட்டரியும் இப்படிச் செய்யும். ஓடும்போது அளந்தால்தான் தெரியும். வேறு நல்ல பேட்டரி போட்டுப் பாருங்கள். அதிலும் இதே கதை என்றால் கனெக்டரைச் சந்தேகியுங்கள். சூடாகி நிறம் மாறிய கனெக்டர் மாற்ற வேண்டிய கனெக்டர்.

மோட்டார் சூடு என்றால் எங்கோ இறுக்கம். மேலே இழுவைக்குச் சொன்ன சக்கரச் சோதனையிலிருந்து தொடங்குங்கள். உலோக டிராக், உலோகச் சக்கரம், உலோக ஹல் என்று எடையைக் கூட்டிக்கொண்டே போய், கிட்டோடு வந்த மோட்டாரையே வைத்திருந்தால் அது தாங்காது.

## சர்வோ துடிக்கிறது, டரட் தானாகத் திரும்புகிறது, தூரம் போனால் கேட்பதில்லை

சர்வோவோ (சிக்னலுக்கேற்ப ஒரு பாகத்தைத் திருப்பும் சின்ன மோட்டார்) டரட்டோ (பீரங்கி இருக்கும் சுழலும் மேல் பகுதி) டிராக் மோட்டார் ஓடும்போது மட்டும் துடித்தால் காரணம் மோட்டாரின் மின் இரைச்சல். இரண்டு டெர்மினல்களுக்கும் நடுவே ஒன்று, ஒவ்வொரு டெர்மினலிலிருந்தும் மோட்டார் உடலுக்கு ஒவ்வொன்று என மூன்று 0.1 மைக்ரோஃபேரட் செராமிக் கெப்பாசிட்டர்கள் இருக்க வேண்டும். மேலே 104 என்று அச்சிட்டிருக்கும். ஒன்று உடைந்து தொங்கினாலும் போதும், டரட் ஆடத் தொடங்கிவிடும். புதிதாக சால்டரிங் செய்யும்போது மோட்டார் உடலை அரத்தால் கீறிவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒட்டாது.

தூரம் போனால் கட்டாகிறது என்றால் ஆன்டெனா. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரில் ஆன்டெனா வயரின் கடைசி 3 சென்டிமீட்டர்தான் சிக்னலைப் பிடிக்கிறது. அந்த முனை உலோக ஹல்லில் ஒட்டிக் கிடந்தாலோ மடிந்திருந்தாலோ தூரம் வெகுவாகக் குறைந்துவிடும். பிளாஸ்டிக் மேல்தட்டுக்கு அடியில், உலோகத்தைத் தொடாமல் நிமிர்த்தி ஒட்டுங்கள்.

## டரட் திரும்பவில்லை, பாதியில் சிக்குகிறது

பெரும்பாலும் வயர். டரட்டுக்குப் போகும் வயர்க் கற்றை ஒரே திசையில் முறுக்கிக்கொண்டு இழுத்துப் பிடிக்கும். டரட்டைக் கழற்றி முறுக்கை எடுத்து, நடுத்துளை வழியாகத் தளர்வாக விடுங்கள். உலோக பீரங்கிக் குழல் மாட்டியிருந்தால் முன்பக்கம் கனத்து டரட் சாய்ந்து, வளையக் கியர் ஒரு பக்கம் கடிக்கும். டரட்டின் பின்பக்கப் பெட்டியில் கொஞ்சம் எடை வைத்தால் சரியாகும். டரட் வளைய ஸ்க்ரூக்களை ஒன்றிரண்டு கால் சுற்றுத் தளர்த்தியும் பாருங்கள்.

இன்ஃப்ராரெட் போர் யூனிட் (டாங்கிகள் ஒன்றையொன்று சுடுவது போல விளையாட உதவும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு: சுட்டும் அடி பதிவாகவில்லை என்றால் முதலில் நிழலுக்குப் போங்கள். நேரடி வெயிலில் சென்சார் திணறும்.

## கருகல் வாடை, புகை, உப்பிய பேட்டரி

இங்கே சோதனை எதுவும் இல்லை. ஸ்விட்சை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, டாங்கியைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோங்கள்.

உப்பிய லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது. குத்துவதோ அழுத்துவதோ கூடாது. எரியும் பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்து, பேட்டரிக் கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். நிக்கல் சார்ஜரில் லிப்போவை ஒருபோதும் போடாதீர்கள். 2 செல் லிப்போவில் ஓட்டினால் ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. கிட் போர்டுகள் பலவற்றில் அந்த அளவில் தானாக நிறுத்தும் வசதி இல்லை, அதனால் தனியாக ஒரு வோல்ட்டேஜ் அலாரம் மாட்டிவிடுங்கள்.

போர்டில் கருகிய புள்ளி தெரிந்தாலோ, புதிய பியூஸ் உடனே போனாலோ, மாற்றிப் பார்க்கும் சோதனையில் போர்டுதான் என்று உறுதியானாலோ பழுது பார்ப்பவரிடம் போக வேண்டியதுதான். போகும்போது போர்டை மட்டும் கொடுக்காமல், அந்தப் பக்க மோட்டாரையும் வயரோடு சேர்த்துக் கொடுங்கள். எந்தப் பிளக்கை எங்கே மாற்றி மாட்டினீர்கள், அப்போது எந்த டிராக் நின்றது, எது ஓடியது என்பதை ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். அவர் தொடக்கத்திலிருந்து தேட வேண்டியிருக்காது.